ஆட வைத்தால் அது ஜாஸ் இல்லையா?

ஜாஸ் பற்றிய சனிக்கிழமை கூட்டத்தில் நடந்ததை வீடியோவில் பார்த்திருப்பீர்கள், திரும்ப விவரிக்கப் போவதில்லை. கேள்வி கேட்டது நான்தான். ஐரோப்பிய ஜாஸ் பற்றி அவ்வளவு நேரம் பேசினீர்களே, நெதர்லாந்து வந்தபோது ஆம்ஸ்டர்டாமின் நியூ கூல் கலெக்டிவ் குழுவைப் பற்றி ஒரு வரிகூட இல்லையே என்று கேட்டேன். "அது பார்ட்டி பேண்டுங்க, ஜாஸ் இல்லை" என்றார் பேச்சாளர். அரங்கம் சிரித்தது. நான் அடுத்த வார்த்தை பேசுவதற்குள் மைக் வேறு கைக்குப் போய்விட்டது.

அங்கே சொல்ல விடாததை இங்கே சொல்கிறேன். ஆட வைக்கும் இசை தரம் குறைந்த இசை இல்லை. ஜாஸில் இதைச் சொல்ல வேண்டியிருப்பதே வேதனை. ஜாஸ் ஆடுவதற்காக வளர்ந்த இசை. நியூயார்க்கின் ஹார்லெம் பகுதியில், சவாய் பால்ரூம் என்ற நடனக் கூடத்தில் டிரம்மர் சிக் வெப் வாசித்தது யாருக்கு? ஆட வந்த ஜனங்களுக்கு. டியூக் எலிங்டனும் கவுண்ட் பேஸியும் தங்கள் வாத்தியக்காரர்களைக் கூர் தீட்டியதும் ஆடுபவர்கள் முன்னால்தான். லத்தீன் பக்கம் போனால் இன்னும் தெளிவு. 1940-ல் நியூயார்க்கில் மச்சீட்டோ தொடங்கிய இசைக்குழு ஜாஸையும் கியூபத் தாளத்தையும் ஒன்றாகப் பிசைந்தது நடனக் கூடத்தில். 1947-ல் டிரம்பெட் கலைஞர் டிஸ்ஸி கில்லெஸ்பி, கியூபக் கலைஞர் சானோ போசோவின் காங்கா மேளத்தைத் தன் குழுவுக்குள் கொண்டுவந்தார். அவர்களை எல்லாம் மேதைகள் என்று கையெடுத்துக் கும்பிடுவோம். அதே வேலையை 1993-லிருந்து ஆம்ஸ்டர்டாமில் ஒரு குழு விடாமல் செய்தால் அது பார்ட்டி பேண்ட்.

அவர்கள் யார் என்றே தெரியாதவர்களுக்காகக் கொஞ்சம். ஆல்டோ சாக்ஸபோன் வாசிக்கும் பெஞ்சமின் ஹெர்மன் தலைமையில் எட்டுப் பேர். டிரம்பெட்டில் டேவிட் ராக்ஃபெல்லர், பியானோவில் வில்லம் ஃபிரீடே, கிட்டாரில் பல ஆண்டுகள் ஆன்டன் கௌட்ஸ்மிட், பேஸில் லெஸ்லி லோபஸ், டிரம்ஸில் யோஸ்ட் க்ரோன், அப்புறம் தாள வாத்தியங்களுக்கு மட்டும் இரண்டு பேர்: ஃபிராங்க் வான் டோக், யோஸ் டி ஹாஸ். இளைஞர்கள் கிளப்களில் டிஜேக்களுக்கு ஆடிக்கொண்டிருந்த காலத்தில், அவர்களை நேரடி இசைக்கு ஆட வைப்போம் என்று கிளம்பியவர்கள். 1997-ல் வந்த முதல் ஆல்பத்தின் பெயர் 'சோல் ஜாஸ் லத்தீன் ஃபிளேவர்ஸ் நைன்டீஸ் வைப்'. பிறகு ஆள் சேர்த்து ஏறக்குறைய இருபது பேர் கொண்ட பிக் பேண்டும் நடத்தினார்கள். இருபது பேரை ஒரே மேடையில் நிறுத்தி, எல்லோருக்கும் சம்பளம் கொடுத்து, ஊர் ஊராகக் கூட்டிப்போவது என்ன வேலை என்று நாற்காலியில் சாய்ந்துகொண்டு சிரித்தவர்களுக்குத் தெரியுமா?

எனக்கு இந்தக் குழுவை அறிமுகப்படுத்தியவர் வேலையிடத்தில் கூட இருந்த ஒரு பெரியவர். தென் அமெரிக்காவில் டச்சுக் காலனியாக இருந்த சூரினாமின் தலைநகர் பராமரிபோவில் பிறந்து, அந்த நாடு 1975-ல் சுதந்திரம் வாங்கியதை ஒட்டி இங்கே நெதர்லாந்துக்கு வந்து சேர்ந்தவர். ஒரு வியாழக்கிழமை வேலை முடிந்து என்னையும் இழுத்துக்கொண்டு போனார். நாற்காலி கிடையாது, நின்றுதான் கேட்க வேண்டும். மேடையை ஒட்டி, காங்காக்களுக்கு நேர் எதிரில் இடம் கிடைத்தது. வாசிப்பவர் விரல் மூட்டுகளில் வெள்ளை டேப் சுற்றியிருந்தார். பாட்டுக்கும் பாட்டுக்கும் நடுவே குனிந்து, மேளத்தின் பக்கவாட்டிலிருந்த நட்டை ஸ்பேனரால் ஒரு அரைச் சுற்று திருகுவார். தோலை ஒரு விரலால் தட்டிக் காது கொடுப்பார். மறுபடி கால் சுற்று. ஐந்நூறு பேர் கத்திக்கொண்டிருக்கும் கூடத்தில், தனக்கு மட்டும் கேட்கும் ஒரு சுருதி வித்தியாசத்துக்காக அந்த மனிதர் அவ்வளவு மெனக்கெட்டார். பார்ட்டி பேண்டாம்.

அன்று பெரியவர் என் காதருகே வந்து, கியூப இசைக்கு அடிப்படையான கிளாவே தாளத்தைக் கைதட்டிக் காட்டினார். ஒரு பக்கம் மூன்று தட்டு, மறுபக்கம் இரண்டு. கேட்கத்தான் சுலபம். அதைத் தட்டிக்கொண்டே பேஸைக் கவனி என்றார். பேஸ் நாம் எதிர்பார்க்கும் முதல் அடியில் விழுவதே இல்லை. அதற்கு முந்தைய அடியிலேயே அடுத்த சுரத்துக்குப் போய்விடுகிறது. அந்த இழுப்பில்தான் இடுப்பு தானாக அசைகிறது. பியானோ தன் பங்குக்கு ஒரே சுற்றை விடாமல் பின்னிக்கொண்டிருக்கும். அதன் மேல் சாக்ஸபோன்காரர் எங்கே வேண்டுமானாலும் போய்வரலாம், ஆனால் எந்த இடத்தில் இறங்கினாலும் அந்த மூன்று-இரண்டு சரியாக இருக்க வேண்டும். ஒருவர் சறுக்கினாலும் முன்னால் ஆடுபவன் கால் தடுமாறும். உட்கார்ந்து கேட்பவன் தப்பை மன்னித்துவிடுவான், ஆடுபவன் கால் மன்னிக்காது.

சரி, என்ன சொல்வீர்கள் என்று தெரியும்.

"ஆழம் இல்லை" என்பீர்கள். நெதர்லாந்தில் ஜாஸ் கலைஞருக்குக் கிடைக்கும் மிகப் பெரிய விருது பாய் எட்கர் பரிசு. 2006-ல் ஹெர்மனுக்கும் 2010-ல் கௌட்ஸ்மிட்டுக்கும் அதைக் கொடுத்தார்கள். ஒரே குழுவில் இரண்டு பேர். நம் பேச்சாளர் பயபக்தியோடு அரை மணி நேரம் விளக்கிய டச்சு ஜாஸ் பியானோ கலைஞர் மிஷா மெங்கல்பெர்க் இருக்கிறாரே, அவருடைய இசையை 2008-ல் ஒரு முழு ஆல்பமாக வாசித்தவரும் இதே ஹெர்மன்தான். அங்கே கலைஞன், இங்கே கேளிக்கைக்காரனா? வாசிப்பது அதே உதடு, அதே மூச்சு.

"பாப் பாடகர் குஸ் மேவிஸோடு சேர்ந்து வாசித்தார்களே" என்பீர்கள். வாசித்தார்கள். பிரிட்டனின் மேட் பியாங்கோவோடு 2016-ல் ஆல்பமும் போட்டார்கள். அதனால் என்ன? இதற்குமேல் இதில் பேச ஒன்றும் இல்லை.

"டச்சுக்காரர்களுக்கு லத்தீன் இசை எதற்கு" என்ற கேள்விதான் எனக்கு அதிகம் வலிக்கிறது, ஏனென்றால் அது அந்தப் பெரியவரைப் போன்றவர்களின் வரலாற்றையே துடைத்துப் போடுகிறது. 1930-களிலேயே சூரினாமிலிருந்து வந்த கறுப்பினக் கலைஞர்கள் ஆம்ஸ்டர்டாமில் வாசித்துக்கொண்டிருந்தார்கள். கிட் டைனமைட் என்று பெயர் வாங்கிய லோட்வைக் பாரிசியஸ், செடைக் தெருவில் காசாபிளாங்கா கிளப்பில் டெனர் சாக்ஸபோன் ஊதியவர். மாக்ஸ் வோய்ஸ்கி அதே நகரத்தில் லா குபானா என்று கிளப்பே நடத்தினார். கரீபியன் கடலின் குராசாவ் தீவுக்காரர்கள் கூடவே தங்கள் தாளங்களையும் கொண்டுவந்தார்கள். 1980-களில் யான் லாரன்ஸ் ஹார்டோங், நுவேவா மண்டேகா என்று லத்தீன் ஜாஸ் குழு ஆரம்பித்தார். இத்தனை பேர் போட்ட பாதையில் வந்தவர்கள்தான் இவர்கள். 2017-ல் செனகலின் ஆர்கெஸ்ட்ரா பவோபாபில் சாக்ஸபோன் வாசிக்கும் தியேர்னோ கோய்ட்டேவைச் சேர்த்துக்கொண்டு ஆல்பம் செய்தார்கள். அடுத்தவர் இசையைத் திருடுகிறார்கள் என்பீர்களா? திருடுகிறவன் உரியவனைக் கூப்பிட்டுப் பக்கத்தில் நிறுத்திக்கொள்ள மாட்டான்.

எது கௌரவமான இசை என்று மேலே உட்கார்ந்து தீர்மானிக்கிற இந்தப் பழக்கம் புதிதும் இல்லை. 1942-ல் இதே நாட்டில், நாஜி ஆக்கிரமிப்பின் கீழ், நடன இசையில் கறுப்பினக் கூறுகள் இருக்கக் கூடாது என்று எழுத்தில் தடையே போட்டார்கள். சனிக்கிழமை சிரித்தவர்களை அவர்களோடு ஒப்பிடவில்லை, அப்படித் திரித்து எழுத யாரும் வர வேண்டாம். ஆடும் உடம்பைப் பார்த்து முகம் சுளிப்பதற்கு ஒரு வரலாறு இருக்கிறது, அதைத் தெரிந்துகொண்டு பேசுங்கள் என்கிறேன்.

டச்சு அரசாங்கமும் அப்படித்தான். 2011-ல் கலைக்கான நிதியில் 20 கோடி யூரோவை வெட்டினார்கள். கொரோனா நேரத்தில் 2022 ஜனவரியில் முடிவெட்டும் கடைகளையும் ஜிம்களையும் திறந்துவிட்டு அரங்குகளை மூடியே வைத்தார்கள். கொதித்துப்போன கலைஞர்கள் மேடையிலேயே முடிவெட்டிப் போராடினார்கள், ஆம்ஸ்டர்டாமின் கான்செர்ட்ஹெபாவ் அரங்கில் ஆர்கெஸ்ட்ரா வாசிக்க வாசிக்க முடிவெட்டு நடந்தது. 2024-ல் டிக்கெட்டுக்கான வரியை 9 சதவீதத்திலிருந்து 21 ஆக்கப் பார்த்து, எதிர்ப்புக்குப் பிறகுதான் பின்வாங்கினார்கள். ஒவ்வொரு முறையும் முதல் அடி யாருக்கு? ஆட ஜனம் வந்தால்தான் அன்றைய கூலி என்று இருக்கும் குழுக்களுக்கு. அவர்களைப் பார்த்து, ஜனத்துக்குப் பிடிக்கிற மாதிரி வாசிக்கிறார்கள் என்று குறை சொல்கிறோம்.

அந்தப் பெரியவர் இப்போது ஓய்வு பெற்றுவிட்டார், முழங்கால் ஒத்துழைப்பதில்லை. சனிக்கிழமை வீடியோவை அவருக்கு மொழிபெயர்த்துச் சொல்லவே எனக்கு மனம் வரவில்லை. என் கேள்வியைப் பார்த்துச் சிரித்ததைத் தாங்கிக்கொள்வேன். அவர் வாழ்நாள் முழுக்க நேசித்த ஒன்றைப் பார்த்துச் சிரித்ததைத் தாங்க முடியவில்லை.

இதன் கீழே வந்து "இருந்தாலும்..." என்று ஆரம்பிக்கப் போகிறவர்கள், 2014-ல் வந்த 'எலெக்ட்ரிக் மங்கி செஷன்ஸ்' ஆல்பத்தை முழுதாகக் கேட்டுவிட்டு வாருங்கள். போனின் ஸ்பீக்கரில் கேட்காதீர்கள், அதில் பேஸே கேட்காது.