செத்தெனில் ஊர்மேல் பாறை விழவில்லை

"ஸ்பெயினில் ஒரு ராட்சதப் பாறை உருண்டு வந்து ஊர்மேல் விழுந்தது, மக்கள் அதற்கு அடியிலேயே குடியிருக்கிறார்கள்" என்று ஒரு படம் வாட்ஸ்அப்பில் சுற்றுகிறது. படம் நிஜம்தான், கதைதான் பொய்.

அது காதிஸ் மாகாணத்தில் உள்ள செத்தெனில் தே லாஸ் போதேகாஸ். அங்கே எதுவும் உருண்டு வரவில்லை. த்ரேஹோ என்கிற சின்ன ஆறு மென்மையான பாறையைக் காலம் காலமாக அரித்ததில் ஒரு பள்ளத்தாக்கு உண்டானது. அதன் இரு ஓரமும் தாழ்வாரம் போல வெளியே நீட்டிக்கொண்டிருக்கும். மக்கள் செய்தது எளிய வேலை: முன்பக்கம் ஒரு சுவர் எழுப்பி, கதவு வைத்து, வெள்ளையடித்தார்கள். கூரைக்குச் செலவே இல்லை! கோடையில் உள்ளே குளுகுளுவென்று இருக்கும். 'வெயில் குகைகள்', 'நிழல் குகைகள்' என்று தெருக்களுக்கே பெயர். நிழல் தெருவில் நடந்தால் தலைக்கு மேலே வானம் கிடையாது, பாறைதான்.

அப்புறம் அந்தப் பெயர்க் கதை. அப்போது முஸ்லிம்கள் வசம் இருந்த இந்த ஊரைக் கிறிஸ்தவப் படை ஏழு முறை முற்றுகையிட்டுத் தோற்றதாம். அதனால் லத்தீனில் 'ஏழு முறை, ஒன்றுமில்லை' என்று பொருள்படும் 'செப்தெம் நிஹில்' செத்தெனில் ஆனதாம். கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் காஸ்டீல் என்ற கிறிஸ்தவ அரசின் 15ஆம் நூற்றாண்டுச் சிப்பாய் ஊருக்கு லத்தீனிலா பெயர் வைப்பான்? 1407இல் இளவரசர் ஃபெர்னாண்டோ முற்றுகையிட்டு வெறுங்கையோடு திரும்பியது உண்மை. 'ஏழு' என்பது செவிவழிக் கதை. கடைசியில் 1484இல் ராணி இசபெல்லா, ஃபெர்டினாண்ட் தம்பதியின் படை பீரங்கியோடு வந்து கோட்டையைப் பிடித்தது.

'போதேகாஸ்' என்றால் ஒயின் கிடங்குகள். அது பிறகு ஒட்டிக்கொண்டது. திராட்சையை 19ஆம் நூற்றாண்டில் ஃபிலாக்ஸெரா பூச்சி அழித்துவிட்டது. இன்று அங்கே ஆலிவ்தான் பிரதானம்.