ஒரு ‘எஸ்’ஸுக்கு நாலு நாள் சிரிப்பு

நாலு நாளாக வாயை மூடிக்கொண்டு இருந்தேன். அப்படியே இருந்திருக்கலாம். நேற்று ராத்திரி எங்கள் தெரு மளிகைக்கடைக்காரர் போனை நீட்டி, “சார், இது உங்க காலேஜுதானே? யாரு சார் இந்த வாத்தியாரு?” என்று சிரித்தார். நான்தாண்ணே என்று சொல்ல வாய் வரவில்லை. அரைக் கிலோ உளுந்தை வாங்கிக்கொண்டு வந்துவிட்டேன்.

விஷயம் உங்களுக்குத் தெரியும். தெரியாதவர்கள் பாக்கியவான்கள், அப்படியே இருங்கள். “இது காலேஜா, ஜெயிலா?” என்று சமூக வலைத்தளத்தில் சுற்றுகிறதே ஒரு வகுப்பு விதித் தாள், அது என் தாள். அதில் ஓர் ஆங்கிலத் தப்பும் இருக்கிறது, அதற்குப் பிறகு வருகிறேன். முதலாமாண்டுப் பிள்ளைகளுக்குப் பகுதி இரண்டு ஆங்கிலம், இலக்கண வகுப்பு, அதற்கு ஐந்து விதி. பத்து மணி வகுப்புக்குப் பத்து ஐந்துக்குக் கதவு சாத்தப்படும். செல்போன் பைக்குள் இருக்க வேண்டும். பயிற்சியைக் கையால் எழுதி வர வேண்டும். தினம் ஆளுக்கு ஒரு வாக்கியமாவது ஆங்கிலத்தில் வாய்விட்டுச் சொல்ல வேண்டும். யார் தப்பாகச் சொன்னாலும் யாரும் சிரிக்கக் கூடாது. சிரித்தவர் அன்றைக்கு வெளியே.

அந்த ஐந்தாவதுக்காகத்தான் மற்ற நாலும். படம் எடுத்த புண்ணியவான் சரியாக அந்த ஐந்தாவதைத்தான் வெட்டிவிட்டார். நாலாவது வரியோடு படம் முடிகிறது. அதனால் ஊருக்கு நான் கதவு சாத்துகிறவன், போன் பிடுங்குகிறவன். சந்தோஷம்.

சரி, கதவுக்கே வருகிறேன். “கிராமத்துப் பிள்ளைகள் பஸ் பிடித்து வருகிறார்கள், ஏசி அறையில் உட்கார்ந்து சட்டம் போடுகிறார்” என்று ஒருவர் எழுதியிருக்கிறார். ஏசியா? எங்கள் வகுப்பில் இரண்டு மின்விசிறி, அதில் ஒன்று சுற்றும்போது பேசினால் கேட்காது. எந்தப் பிள்ளை கல்லலிலிருந்து வருகிறது, எது புதுவயலிலிருந்து வருகிறது, எந்தப் பஸ் எத்தனை மணிக்கு வரும் என்பதெல்லாம் எனக்கு அத்துபடி. முகூர்த்த நாளுக்கு மறுநாள் கடைசி பெஞ்சில் நாலு பேர் கண் சிவந்து உட்கார்ந்திருப்பார்கள். ராத்திரி முழுக்கக் கல்யாண வீட்டில் பந்தி பரிமாறிவிட்டு வருகிறவர்கள். அவர்களை ஒரு நாளும் நான் வெளியே நிறுத்தியதில்லை. முன்கூட்டிச் சொன்னால் போதும் என்று அதே விதியின் கீழே சின்ன எழுத்தில் இருக்கிறது. சின்ன எழுத்து என்பதால் மீம் போடுகிறவருக்குத் தெரியவில்லை போலும்.

கதவு எதற்கு? முதல் பத்து நிமிஷத்தில்தான் அந்த ஒரு வாக்கியத்தைச் சொல்லுகிறார்கள். ஒரு பெண் எழுந்து, தொண்டையைச் செருமி, பாதி வாக்கியம் வந்திருக்கும். கதவு ‘டப்’பென்று திறக்கும், மூன்று பேர் வருவார்கள், அறுபது தலையும் திரும்பும். அவள் உட்கார்ந்துவிடுவாள். அடுத்த ஒரு மாசத்துக்கு எழுந்திருக்க மாட்டாள்.

இதைக் காரைக்குடியில் விளக்க வேண்டியிருக்கிறது என்பதுதான் வேடிக்கை. 1939லிருந்து கம்பன் விழா நடக்கிற ஊர். அதைத் தொடங்கிய சா. கணேசன் நேரம் தவறாமைக்குப் பேர்போனவர். அவரைச் சொல்லி மேடையில் பெருமைப்படுவோம். அதையே முதலாமாண்டு வகுப்பில் கேட்டால் ஜெயில்.

ஆங்கில வாத்தியார் என்றால் வெள்ளைக்காரன் சட்டம் என்று ஒருவர் தொடங்கிவிட்டார். ஐயா, நன்னூலைத் திறந்து பாருங்கள். எழுத்துக்கும் சொல்லுக்கும் இலக்கணம் சொல்வதற்கு முன்னாலேயே, பாயிரத்தில், வகுப்பறைக்கு இலக்கணம் சொல்கிறார் பவணந்தியார். பாடம் கேட்கப் போகிறவன் ‘பொழுதொடு சென்று’ கேட்க வேண்டுமாம். நேரத்துக்கு வா என்பதுதான் முதல் விதி. ‘இருவென இருந்து சொல்லெனச் சொல்லி’, கடைசியில் ‘போவெனப் போதல்’. இதோடு பார்த்தால் என் தாள் தளர்வான தாள்.

ஆனால் ஓரிடத்தில் பவணந்தியாரோடு எனக்கு ஒத்துப்போகாது. ‘சித்திரப் பாவையின் அத்தக அடங்கி’ என்கிறார். சுவரில் எழுதிய பொம்மை மாதிரி அசையாமல் இருக்க வேண்டுமாம். எனக்கு அது ஆகாது. என் வகுப்பில் இருக்கிற சிக்கலே அதுதான். அறுபத்திரண்டு சித்திரப் பாவைகள்! பன்னிரண்டு வருஷம் ஆங்கிலம் படித்துவிட்டு, தேர்வும் எழுதிப் பாஸாகிவிட்டு, வாயைத் திறக்காத பாவைகள். அடுத்த சூத்திரத்திலேயே ‘வினாதல், வினாயவை விடுத்தல்’ என்றும் சொல்கிறார். நான் அதைப் பிடித்துக்கொள்கிறேன்.

பதினெட்டு வயசு ஆனவர்கள், ஓட்டுப் போடுகிறவர்கள், அவர்களுக்கு விதி எதற்கு என்ற கேள்விக்கு மட்டும் கொஞ்சம் யோசித்தேன். நியாயமான கேள்வி. செல்போன் விஷயத்தில் நான் கொஞ்சம் அதிகம்தான் போகிறேன் என்று என் மனைவியும் சொல்கிறாள். இருக்கலாம். ஆனால் கையெழுத்து விதியை விட மாட்டேன். போன வருஷம் ‘என் ஊர்’ என்று ஒரு பத்தி எழுதச் சொன்னேன். சாட்ஜிபிடி எழுதிய நாற்பது ஊர்கள் வந்தன. எல்லா ஊரிலும் பசுமை வயல், சலசலக்கும் ஓடை. சிவகங்கை மாவட்டத்தில் ஓடை எங்கே ஐயா சலசலக்கிறது? நாற்பதிலும் ஒரு தப்பு கிடையாது. தப்பே இல்லாத கட்டுரையை வைத்துக்கொண்டு நான் என்ன சொல்லித்தருவது?

இன்னொரு பக்கம், எனக்கு ஆதரவாக வந்த ஓய்வுபெற்ற பெரியவர்கள். “எங்க காலத்துல பிரம்பாலேயே கிராமர் கத்துக்கிட்டோம், இவர் செய்யறது சரிதான்.” ஐயா, கும்பிட்டுக் கேட்டுக்கொள்கிறேன், என் பக்கம் நிற்காதீர்கள்.

இப்போது என் கதை. 2004. நான் முதலாமாண்டு. பத்தாம் வகுப்பு வரை ஊர்ப் பள்ளிக்கூடம், முழுக்கத் தமிழ் வழி. முந்தின நாள் ஏன் வரவில்லை என்று ஆங்கில ஆசிரியர் கேட்டார். எழுந்து, தைரியமாக, “எஸ்டர்டே ஐ டிட் நாட் கேம், சார்” என்றேன். வகுப்பே சிரித்தது. அவரும் சிரித்தார். கெட்டவர் அல்ல, சிரிப்பு வந்தது, சிரித்தார். அன்றிலிருந்து என் பெயர் ‘டிட்நாட்கேம்’. அது சுருங்கிக் ‘கேமு’. இன்றைக்கும் எங்கள் செட் வாட்ஸ்அப் குழுவில் நான் கேமுதான். மூன்று வருஷம் அந்தக் கல்லூரியில் நான் ஆங்கிலத்தில் வேறு வாக்கியம் பேசவில்லை.

அன்றைக்கு ஒருவர், ஒரே ஒருவர், இதைச் சொல்லியிருக்கலாம்: ‘வரவில்லை’ என்பதைப் பிரித்துப் பார். வர, இல்லை. நேற்று நடந்ததுதான், ஆனாலும் ‘வந்தவில்லை’ என்றா சொல்கிறோம்? தமிழில் ‘வர’ மாறாமல் நிற்கிற மாதிரி அங்கே ‘கம்’ மாறாமல் நிற்கும். டிட் நாட் கம். அவ்வளவுதான். இதைச் சொல்ல அரை நிமிஷம் ஆகுமா? நானாகக் கண்டுபிடிக்க எனக்கு ஆறு வருஷம் ஆனது. இப்போது ஒவ்வொரு வருஷமும் இதைக் கரும்பலகையில் எழுதும்போது கை கொஞ்சம் நடுங்கும். பிள்ளைகள் அதைச் சாக்பீஸ் தூசி அலர்ஜி என்று நினைத்துக்கொள்கிறார்கள்.

இலக்கணம் வராதவர்கள் அல்ல நாம். நான் வந்தேன், நாம் வந்தோம், நீ வந்தாய், நீங்கள் வந்தீர்கள், அவன் வந்தான், அவள் வந்தாள், அவர் வந்தார், அவர்கள் வந்தார்கள், அது வந்தது, அவை வந்தன. ஒரு வினைக்குப் பத்து வால். பேச்சில் ஒன்றிரண்டு குறையும், பரவாயில்லை. பள்ளிக்கூட வாசலை மிதிக்காத என் அப்பத்தா ஒரு நாளாவது ‘அவள் வந்தான்’ என்று சொல்லியிருக்குமா? ‘ஒரு ஊர்’ இல்லை, ‘ஓர் ஊர்’ என்று எழுதத் தெரிந்த பிள்ளைக்கு ‘எ’யும் ‘ஆன்’னும் புதுசா? ஆங்கிலத்தில் நிகழ்காலத்துக்கு ஹீ, ஷீ, இட் மூன்றுக்கும் சேர்த்து ஒரே வால், ஓர் ‘எஸ்’. பத்து வாலைத் தூக்கத்தில் சொல்லுகிறவர்களுக்கு இந்த ஒன்று ஏன் வரவில்லை? வாயில் புழங்கவில்லை. ஏன் புழங்கவில்லை? சிரிப்பார்கள். இதைத்தான் திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டிருக்கிறேன்.

ஆமாம், அந்தத் தப்புக்கு வருகிறேன். அதற்காகத்தானே பாதிப் பேர் இவ்வளவு தூரம் படித்துக்கொண்டு வருகிறீர்கள். நாலாவது விதியில் ‘எவ்ரி ஸ்டூடன்ட்ஸ்’ என்று இருக்கிறது. ‘எவ்ரி’ வந்தால் ஒருமைதான் வர வேண்டும். முதலில் ‘ஆல் ஸ்டூடன்ட்ஸ்’ என்று அடித்திருந்தேன். ‘ஆல்’ என்றால் கூட்டத்தில் ஒளிந்துகொள்ளலாம் என்று தோன்றி ‘எவ்ரி’ ஆக்கினேன். பின்னால் இருந்த ‘எஸ்’ஸை எடுக்கவில்லை. ராத்திரி பதினொன்றரை மணி. நம்பினால் நம்புங்கள், நம்பாவிட்டால் எனக்குத் தெரியாமல்தான் எழுதினேன் என்றே வைத்துக்கொள்ளுங்கள். யாரோ அந்த ‘எஸ்’ஸைச் சுற்றிச் சிவப்பு வட்டம் போட்டிருக்கிறார். எவ்வளவு அழகான வட்டம்! என் வகுப்பு நோட்டுகளில் நான் இப்படி வட்டம் போடுவதில்லை. கீழே ஒரு கோடு, பக்கத்தில் சரியான சொல், அவ்வளவுதான்.

என் அப்பா ஆத்தங்குடியில், தரையில் பதிக்கிற பூக்கல் பட்டறையில் வேலை பார்த்தவர். கண்ணாடிமேல் அச்சை வைத்து, ஒவ்வொரு கட்டத்திலும் வண்ணச் சிமெண்டை ஊற்றி, அதன்மேல் மணலும் சிமெண்டும் போட்டு அமுக்குவார்கள். பூ கண்ணாடிப் பக்கம் கவிழ்ந்து கிடக்கும். காய்ந்து, தண்ணீரில் ஊறி, கண்ணாடியை விட்டுக் கழன்று வந்தால்தான் தெரியும், எந்த இதழில் வண்ணம் ஓடியிருக்கிறது என்று. லீவு நாளில் நானும் ஊற்றுவேன். நான் ஊற்றியதில் பாதிக்குச் சிவப்பு பச்சைக்குள் போயிருக்கும். அப்பா திருப்பிப் பார்த்துவிட்டு, “அதுக்கென்ன அப்பு, நம்ம அடுப்படிக்குப் போட்டுக்கிருவோம்” என்பார். போட்டும் விட்டார். இன்றைக்கும் எங்கள் வீட்டு அடுப்படித் தரையில் கோணல் பூக்கள்தான். பட்டறையில் யாரும் சிரித்து நான் பார்த்ததில்லை. ஏன் இதைச் சொல்கிறேன் என்று தெரியவில்லை. ‘படிக்காத குடும்பத்திலிருந்து வந்தவர் போலிருக்கிறது’ என்று ஒரு கமெண்ட் பார்த்தேன், அதனால் இருக்கலாம். ஆமாம், வந்தவன்தான்.

“வள்ளல் அழகப்பர் வாழ்ந்த ஊரில் இப்படி ஓர் ஆசிரியரா” என்று கண்ணீர் விட்டவருக்கும் ஒரு வார்த்தை. 1947ல் இந்த ஊருக்குக் கல்லூரி கொண்டுவந்தவர் அவர். ஆங்கில இலக்கியத்தில்தான் எம்.ஏ. படித்தார். அவர் பெயரை எனக்கு எதிராக இழுப்பதற்கு முன்னால், இந்தப் பிள்ளைகளுக்காகத்தான் கல்லூரி வந்தது என்பதை நினைத்துக்கொள்ளுங்கள். (நான் வேலை பார்க்கும் கல்லூரி அவர் தொடங்கியதல்ல. அதையும் இழுக்க வேண்டாம்.)

இதுவரை சொன்னதெல்லாம் என் விஷயம். என்னை மட்டும் பார்த்துச் சிரித்திருந்தால் இந்தப் பதிவே இல்லை. கேமுவுக்கு இதெல்லாம் பழக்கம்தான்.

புதன்கிழமை ராத்திரி என் மாணவி ஒருத்தி அந்தப் பதிவின் கீழே கமெண்ட் போட்டாள். ஆங்கிலத்தில். ஜூன் மாசத்திலிருந்து வகுப்பில் எழுந்து நிற்கவே பயந்த பெண். நான் கேட்கவில்லை, யாரும் சொல்லவில்லை, தானாகவே எழுதினாள். ‘மை சார் இஸ் நாட் லைக் தட். ஹீ டோன்ட் ஷவுட் எனிபடி.’

உடனே வந்துவிட்டார்கள். சிரிக்கிற பொம்மைகள் வரிசையாக. ‘சாருக்கு ஒரு எஸ் கூடுதல், ஸ்டூடன்ட்டுக்கு ஒரு எஸ் குறைச்சல், கணக்கு நேராயிருச்சு’ என்று ஒருவர். நல்ல நகைச்சுவைதான், என்னால் மறுக்க முடியாது. படித்தவர், பெரிய நிறுவனத்தில் வேலை, புகைப்படத்தில் பின்னால் வெளிநாட்டு ஏரி. அந்தப் பிள்ளைக்கு வயசு பதினெட்டு. ‘டோன்ட்’ இல்லையம்மா, ‘டஸின்ட்’ என்று எழுத அவருக்கு எவ்வளவு நேரம் ஆகியிருக்கும்?

அரை மணி நேரத்தில் கமெண்டை அழித்துவிட்டாள். வியாழன் வரவில்லை. வெள்ளியும் வரவில்லை. காய்ச்சல் என்று தோழி சொன்னாள்.

வட்டம் போட்டவருக்கு: என் மேஜையில் அறுபத்திரண்டு நோட்டு இருக்கிறது. சிவப்புப் பேனா நான் வாங்கித் தருகிறேன், வாருங்கள்.

திங்கள்கிழமை பாடம் ‘எவ்ரி’. என் தாளையேதான் கரும்பலகையில் எழுதப் போகிறேன், அந்த ‘எஸ்’ஸோடு. யாராவது எழுந்து திருத்தட்டும். அன்றைக்கு மட்டும் பத்து ஐந்துக்குக் கதவு சாத்தப் போவதில்லை. அவள் வருகிற பஸ் சில நாள் பத்தேகாலுக்குத்தான் வந்து சேரும்.