நகரும் படிக்கட்டின் முன் தயங்கி நிற்பவர்களுக்காக

எஸ்கலேட்டரைக் கண்டு அஞ்சுகிறவர்களைப் பற்றி எழுத நினைக்கிறேன். பல ஆண்டுகள் அந்த அச்சத்தோடு வாழ்ந்து, பிறகு நானே திட்டமிட்டு அதை எதிர்கொண்டவள் நான். அச்சத்துக்கு எதிரே போய் நிற்பதுதான் அதற்கு மருந்து என்பதில் எனக்கு ஐயமில்லை. ஆனால் எப்போது நிற்பது, எவ்வளவு நேரம் நிற்பது என்பதை அஞ்சுகிறவர்தாம் முடிவு செய்ய வேண்டும். "ஒண்ணும் ஆகாது, வா" என்று கையைப் பிடித்து இழுத்து ஏற்றிவிடுவதை உதவியாக என்னால் ஏற்க முடியவில்லை.

முதலில், இது அற்பமான அச்சம் அன்று. இந்தப் படிக்கட்டுகள் பொதுவாக விநாடிக்கு அரை மீட்டர் அளவில்தான் நகர்கின்றன. நாம் நடக்கும் வேகத்தில் பாதிகூட இல்லை. வேகத்தைக் கண்டு யாரும் அஞ்சுவதில்லை. ஒரே மாதிரியான வரிப்பள்ளங்கள் அடுத்தடுத்து ஓடும்போது படி எங்கே முடிகிறது, எவ்வளவு ஆழத்தில் இருக்கிறது என்று கண்ணால் சரியாக மதிப்பிட முடியாமல் போகிறது. நிலத்தில் ஊன்றிய கால் நிற்க, மறு காலை நகரும் பரப்பில் வைக்க வேண்டிய அந்த நொடியில்தான் உடல் மறுக்கிறது. கீழே இறங்கும் படிக்கட்டில் இது இன்னும் கடுமையாகிறது. ஏறும்போது எதிரே படிகள் தெரிகின்றன, இறங்கும்போதோ எதிரே வெற்றிடம்தான் தெரிகிறது. 1898ஆம் ஆண்டு லண்டன் ஹாரட்ஸ் அங்காடியில் இதன் முன்னோடியான நகரும் பாதையை அமைத்தபோது, ஏறி வந்தவர்களின் பதற்றம் தணிய மேலே பிராந்தி வழங்கியிருக்கிறார்கள்.

சென்னையில் 2015ஆம் ஆண்டு ஜூன் மாதம் கோயம்பேட்டுக்கும் ஆலந்தூருக்கும் இடையே மெட்ரோ ஓடத் தொடங்கியது. அதற்கு முன் வணிக வளாகங்களில் ஒதுங்கிப் போய்விட முடிந்த இந்தப் படிக்கட்டு, அதன் பிறகு பலருக்கு அன்றாடப் பயணத்தின் பகுதியாகிவிட்டது. லிஃப்ட்டைத் தேடி நடைமேடையின் மறு கோடிவரை நடப்பதும், உடன் வருகிறவர்களிடம் மூட்டுவலிக்கு நடப்பது நல்லது என்று சொல்லிச் சமாளிப்பதும் எனக்குப் பழகிப்போயிருந்தன.

நான் கையாண்ட வழி மிக எளியது. கூட்டமில்லாத நண்பகல் வேளையில் போய், ஏறாமல், ஓரமாக நின்று மற்றவர்களின் பாதங்களை மட்டும் பார்த்தேன். தொடக்கத்தில் சில படிகள் உயராமல் சமதளமாகவே நகர்கின்றன என்பதை அப்போதுதான் கவனித்தேன். கால் வைத்து நிலைகொள்ள அந்த இடைவெளி போதும். அவசரத்தில் நிறுத்துவதற்கான சிவப்புப் பொத்தான் மேலும் கீழும் எங்கே இருக்கிறது என்று பார்த்துவைத்தேன். பையை வீட்டிலேயே விட்டுவிட்டு, முதலில் ஏறுவதற்கு மட்டும் பழகினேன். இறங்குவதற்கு வெகு காலம் ஆனது. அதற்காக எனக்கு வருத்தம் இல்லை.

மகளின் கையைப் பிடிக்காமல் போக வேண்டும் என்பதில் உறுதியாக இருந்தேன். பிடித்துக்கொண்டு போனால், அந்தக் கை இருந்ததால்தான் தப்பித்தேன் என்றே மனம் கணக்கு வைத்துக்கொள்ளும். ஓரத்துக் கைப்பிடியைப் பிடிப்பது வேறு; அது எல்லோரும் செய்ய வேண்டிய பாதுகாப்பு. அதுபோல, சேலையின் கீழ்விளிம்பும் மென்மையான ரப்பர் செருப்பும் பக்கவாட்டு இடுக்கில் சிக்கக்கூடும் என்பது மெய்யான ஆபத்து. அதனால் கொசுவத்தைச் சற்றே தூக்கிப் பிடித்து, மஞ்சள் கோட்டுக்குள் நிற்கிறேன். அச்சம் குறைந்த பிறகும் இந்தக் கவனத்தை நான் விடவில்லை.

ஜெர்மானியக் கவிஞர் கெதே, ஸ்ட்ராஸ்பூரில் மாணவராக இருந்தபோது, உயரத்தைக் கண்டால் தலைசுற்றும் தன் இயல்பை மாற்ற அங்குள்ள தேவாலயக் கோபுரத்தின் உச்சிக்குத் தனியாக ஏறி, துணிவு வரும்வரை அமர்ந்திருந்து, பிறகு வெளியே வந்து நின்றார். அந்த உணர்வு பொருட்டில்லாமல் போகும்வரை மீண்டும் மீண்டும் அதைச் செய்ததாக அவரே எழுதியிருக்கிறார். அவரை யாரும் தள்ளவில்லை. 1924இல் மேரி கவர் ஜோன்ஸ் என்ற உளவியலாளர், முயலைக் கண்டு அஞ்சிய சிறுவன் ஒருவனின் அச்சத்தைப் போக்கியதும் படிப்படியாகத்தான். அவன் விரும்பி உண்ணும் வேளையில், அவனால் தாங்க முடிந்த தொலைவில் முயலை வைத்து, சிறிது சிறிதாக அருகே கொண்டுவந்தார். பழைய அச்சம் அழிந்துவிடுவதில்லை, அதன் பக்கத்தில் புதிய அனுபவம் ஒன்று வேரூன்றுகிறது என்றே இன்றைய உளவியலாளர்கள் பலர் கருதுகிறார்கள். பழகிய நிலையத்தில் இயல்பாக இறங்கும் எனக்குப் புதிய ஊரின் ரயில் நிலையத்தில் நெஞ்சு படபடத்தது ஏன் என்பது இதனால்தான் விளங்கியது. எனவே இடத்தை மாற்றி மாற்றிப் பழகுவது அவசியம்.

படிக்கட்டின் வாயிலில் ஒரு பெண்மணி காலை நீட்டி, பின்வாங்கி, மறுபடி நீட்டுவதைப் பார்த்தால், தயவுசெய்து சிரிக்காதீர்கள், அவசரப்படுத்தாதீர்கள். அவருக்குப் பின்னால் சற்றுத் தள்ளி நின்று, வருகிறவர்களைப் பக்கத்துப் படிக்கட்டு வழியே போகச் சொல்லுங்கள். அவராகக் கேட்டால் மட்டும் கை கொடுங்கள். இன்று வேண்டாம் என்று அவர் திரும்பிவிட்டால், லிஃப்ட் எந்தப் பக்கம் என்று காட்டிவிடுங்கள்.