ஒரே ஒரு லேபிள் எடுத்துட்டு வாம்மா!

நேத்து ஒன்றரை ஷிப்ட் முடிச்சு வீடு வந்து சேர்றப்ப மணி ஒன்பதே கால். சோத்துத் தட்டுல கைய வைக்கிறேன், என் பையன் பக்கத்துல வந்து உக்கார்றான். "ம்மா, கால் அமுக்கி விடட்டுமா?"ங்கறான். பதினொண்ணாவது படிக்கிற பையன் தானா வந்து கால் அமுக்கறேன்னா பெத்தவளுக்கு சந்தோஷமா வரும்? எனக்கு வயித்துல புளியைக் கரைச்சுது. ரெண்டு நிமிஷம் அமுக்கினான். அப்புறம் மெதுவா ஆரம்பிச்சான்.

"ம்மா, உங்க கம்பெனில அந்த பிராண்டு லேபிள் இருக்குமில்ல? ஒரே ஒரு லேபிள் எடுத்துட்டு வாம்மா. நீ வாங்கிட்டு வந்த டி-ஷர்ட்ல தைச்சுப் போட்டுக்கறேன்."

அதுக்கு மேல சோறு இறங்கல. அதான் இந்தப் பதிவு. நீளமா இருக்கும், முன்னாடியே சொல்லிட்டேன்.

நாங்க திருப்பூருங்க. நான் ஒரு எக்ஸ்போர்ட் கம்பெனில செக்கிங், தைச்சு வர்ற பீஸ்ல பிசிறு வெட்டிக் குறை பார்க்கற வேலை, பதினாலு வருஷமாச்சு. வீட்டுக்காரர் வேற ஒரு இடத்துல கட்டிங் மாஸ்டர். எங்க தெருவுல எந்த வீட்டுக் கதவைத் தட்டினாலும் ஓவர்லாக், ஃபிளாட்லாக், அயர்னிங், பேக்கிங்னு எதுலயாவது ஒருத்தர் இருப்பாங்க. வருஷத்துக்கு நாப்பதாயிரம் கோடி ரூபாய்க்கு மேல இந்த ஊர்ல இருந்து துணி வெளிநாடு போகுது. உலகத்துல எவனெவனோ போட்டுட்டுத் திரியற டி-ஷர்ட்டுக்குப் பிசிறு வெட்டினது எங்க ஊர்ப் பொம்பளைங்க. அப்படிப்பட்ட ஊர்ல பொறந்து வளர்ந்தவன், கோயமுத்தூர் மாலுக்குப் போய் கண்ணாடி அலமாரிக்குள்ள தொங்கற டி-ஷர்ட்டை வாயப் பொளந்து பார்க்கறான். கொல்லன் தெருவுல ஊசி வித்தா வாங்கறதுக்கு ஆளு எங்க வீட்டுலயே இருக்குங்க!

வியாதி எங்க ஒட்டிக்கிச்சுன்னா, டியூஷன்ல. ஸ்கூல்ல யூனிஃபார்ம், அங்க எல்லாரும் ஒண்ணு. சாயங்காலம் டியூஷன்னா கலர் டிரெஸ். கணக்குப் போடறாங்களோ இல்லையோ, யாரு என்ன போட்டுட்டு வந்தான்னு கணக்கு எடுக்கறாங்க. தொளதொளன்னு ஒரு பேகி பேன்ட், தோள்பட்டை முழங்கைக்கு வந்து நிக்கற மாதிரி ஓவர்சைஸ் டி-ஷர்ட், காலுக்கு வெள்ளை ஸ்னீக்கர். போடட்டுமே! எனக்கு அதுல ஒரு கோபமும் இல்லை. தொளதொளன்னு போட்டா காத்தாவது போகும், எங்க ஊர் வெயிலுக்கு நல்லதுதான். கிழிஞ்ச ஜீன்ஸைக்கூட நான் பொறுத்துக்கிட்டேன். எங்க அம்மாதான் பார்த்துட்டு, "ஏன் சாமி, எலி கடிச்சிருச்சா? குடு, அம்முச்சி தைச்சுத் தர்றேன்"னு ஊசியும் நூலுமா உக்காந்துட்டாங்க. அவனுக்கு அழுகையே வந்துருச்சு.

வாட்ஸ்அப்ல "அந்தக் காலத்துல தீபாவளிக்கு ஒரு டிரெஸ், அதுலயே சந்தோஷமா இருந்தோம்"னு ஃபார்வர்டு பண்ற பெரியப்பா கூட்டத்துல என்னைச் சேர்த்துடாதீங்க. அப்ப ஒண்ணும் சந்தோஷமா இல்லை. எங்க அண்ணன் சட்டைய நான் பாவாடைக்கு மேல போட்டுட்டுத் தூங்கியிருக்கேன், வேற துணி காயாததால.

எனக்குப் பத்திட்டு வர்றது அந்தப் பேருக்குத்தான். துணிக்கு இல்லை, பேருக்கு.

அவனுக்குப் பிடிச்ச டி-ஷர்ட் 3,499 ரூபாய். நான் ஒரு ஷிப்டுக்கு வாங்கறது 420. எட்டு ஷிப்ட் வேலை செஞ்சாலும் அந்த டி-ஷர்ட்டுக்குப் பத்தாது. அதுலயும் 2025 செப்டம்பர் 22-க்கு அப்புறம் 2,500-க்கு மேல விலை போற துணிக்கு 18 சதவீதம் ஜிஎஸ்டி. 3,499-ல 530 ரூபாய்க்கு மேல வரியாவே போகுது. அந்த வரிக்கே நான் ஒரு நாள் முழுக்க நின்னுட்டே வேலை பார்க்கணும். இதைச் சொன்னா, "எப்பப் பார்த்தாலும் ஷிப்ட் கணக்கே சொல்லாதம்மா"ங்கறான். வேற என்ன கணக்குடா எனக்குத் தெரியும்?

சரி, பையன் ஆசைப்படறானேன்னு எங்க ஊர் பனியன் மார்க்கெட்டு, காதர்பேட்டை போனேன். தெரியாதவங்களுக்குச் சொல்றேன்: ஆர்டர் எடுக்கறப்ப சேதாரம் வரும்னு கொஞ்சம் கூடத்தான் வெட்டுவாங்க. சேதாரம் கம்மியாப் போனா மிச்சம் நிக்கும். அந்தச் சர்ப்ளஸ் சரக்கு காதர்பேட்டைக்கு வரும். பேரு வெளியில தெரியக் கூடாதுன்னு லேபிளை வெட்டிட்டோ பிரிச்சுட்டோ விடுவாங்க. நாலு கடை ஏறி இறங்கி, அஞ்சாவது கடையில கட்டு பிரிச்சுப் போட்டிருந்த குவியல்ல கைய விட்டேன். தொட்டதுமே தெரிஞ்சுருச்சு. எங்க லைன்ல ஓடின ஸ்டைலுங்க அது! 240 ஜிஎஸ்எம், நல்ல கனமான துணி, பயோ வாஷ் பண்ணி வழவழன்னு இருக்கு, கழுத்தைச் சுத்தி வர்ற ரிப் பட்டியை இழுத்து விட்டா அப்படியே பழைய இடத்துக்குப் போய் உக்காருது. பின் கழுத்துல தையல் குத்தாம இருக்க மேல டேப்பு. கழுத்து லேபிள் பாதியா வெட்டியிருக்கு. கீழ் ஓரத்துல இருந்த குட்டி லேபிளைப் பிரிச்ச ஊசி ஓட்டை மட்டும் இருக்கு. நான் திருப்பிப் பார்த்துத் தள்ளி விட்ட பீஸாக்கூட அது இருக்கலாம். 280 ரூபாய். மாலுல தொங்கறதும் இதுவும் ஒரே மெஷின்ல, ஒரே அக்கா கையில தைச்சது.

ராஜா மாதிரி கொண்டு வந்து குடுத்தேன். திருப்பினான், கீழ் ஓரத்தைப் பார்த்தான், மடிச்சு வெச்சுட்டான்.

"காதர்பேட்டை சரக்குன்னு கேலி பண்ணுவாங்கம்மா."

யாரு? யாரு கேலி பண்ணுவா? அந்த டியூஷன்ல இருக்கற இருபத்தஞ்சு பேர்ல பாதிப் பேரோட அம்மாவும் என்னை மாதிரி டிபன் டப்பாவைத் தூக்கிட்டு கம்பெனி வேன் ஏறறவதான். அவங்க வீட்டு அரிசி இதே சரக்குல வந்த அரிசிதான். அம்மா தைச்சது கேவலம், அம்மா தைச்சதை ஒருத்தன் பேர் போட்டு வித்தா கெத்து. இதை நான் எந்தச் செவுத்துல போய் முட்டிக்கறது?

கதை இதோட முடியலை. ஒரு வாரம் கழிச்சு ஐயா சிரிச்ச மொகமா வர்றார். உடம்புல சிவப்பு டி-ஷர்ட், நெஞ்சுல முழம் நீளத்துக்கு அதே பிராண்டு பேரு. பாக்கெட் மணி சேர்த்து வெச்சு 450-க்கு ஃப்ரெண்டுகளோட போய் வாங்கினானாம். "ஃபர்ஸ்ட் காப்பிம்மா, யாருக்கும் தெரியாது." எனக்குத் தெரியாதாடா? கழட்டுன்னேன். சமையல்கட்டு லைட்டுக்குக் கீழ உள்பக்கமாத் திருப்பிப் போட்டேன். தையல் ஓட ஓட விட்டு விட்டுப் போயிருக்கு, அக்குள்ல ஒரு இடத்துல சேரவே இல்லை, விரல் உள்ள போகுது. பின் கழுத்துல டேப்பு கிடையாது, ஓவர்லாக் தையல் மூடாம அப்படியே குத்துது. ரிப்பை இழுத்தேன், இழுத்த இடத்துலயே நின்னுருச்சு. நெஞ்சுல பிரிண்ட்டைக் கட்டை விரலால ஒரு தேய்ப்பு, ஓரம் உரியுது. வாஷ் கேர் லேபிள்ல காட்டன்ங்கற இங்கிலீஷ் வார்த்தையிலயே ஒரு எழுத்தைக் காணோம். என் பையில ஸ்டிக்கர் ரோல் இருந்துச்சு. டிஃபெக்ட் இருக்கற இடத்துல அம்புக்குறி ஒட்டுவோமில்ல, அது. ஒட்டினேன். பதினோரு ஸ்டிக்கர். எங்க லைன்ல இந்த பீஸ் வந்திருந்தா சூப்பர்வைசர் எங்களை நிக்க வெச்சுக் கேள்வி கேட்டிருப்பார்.

நிஜமான டி-ஷர்ட் பேரில்லாம வந்தா வேண்டாம். பொய்யான டி-ஷர்ட் பேரோட வந்தா வேணும். இவனுக்குப் பதினாறு வயசு, சயின்ஸ் குரூப்!

அப்புறம் அவன் அறிவு இருக்கே, அதைக் கேளுங்க. ஹிஸ்டரில வருஷம் ஒண்ணும் மனசுல நிக்காத பையன், பிராண்டு வரலாறுன்னா மடை திறந்த மாதிரி கொட்டறான். நைக்கியோட அந்தச் சரி போட்ட மாதிரிக் கோடு, 1971-ல கரோலின் டேவிட்சன்னு ஒரு காலேஜ் பொண்ணு 35 டாலருக்கு வரைஞ்சு குடுத்ததாம். நியூயார்க்ல ஒரு கம்பெனி 2016-ல வெறும் செங்கல்லுல தன் பேரை அச்சுப் போட்டு 30 டாலருக்கு வித்துச்சாம், அதையும் வாங்கினாங்களாம். 2022-ல ஒரு பெரிய பிராண்டு கிழிஞ்சு அழுக்கான ஷூவைப் புதுசாவே செஞ்சு 1,850 டாலருக்குப் போட்டுதாம். ஆச்சரியமாச் சொல்றான், கேலியா இல்லை! செங்கல்லு வித்தவனைப் பார்த்து சிரிக்காம வியக்கறான் பாருங்க, அங்கதான் எனக்கு ஈரக்குலை நடுங்குது.

நானும் விடலை, யூடியூப்ல தேடி ஒண்ணு எடுத்து வெச்சேன். இந்த ஜீன்ஸ் இருக்கே, 1873-ல ஜேக்கப் டேவிஸ்னு ஒரு டெய்லரும் லீவை ஸ்ட்ராஸ்னு துணி வியாபாரியும் சேர்ந்து பாக்கெட் மூலைல செம்பு ரிவெட் அடிச்சு பேட்டண்ட் வாங்கினாங்க. எதுக்கு? வேலைக்காரங்க போட்டா கிழியாம இருக்கறதுக்கு. கிழியக் கூடாதுன்னு ஆணி அடிச்ச துணியைக் கடையிலயே கிழிச்சுக் குடுத்துக் காசு வாங்கறான். "அதாம்மா ஸ்டைல்"னு முடிச்சுட்டான்.

இப்ப நீங்க கேப்பீங்க, பெரியவங்க மட்டும் ஒழுங்கான்னு. கேளுங்க, கேட்கத்தான் வேணும். எங்க சித்தி கல்யாணத்துக்கு முன்னாடி, நடிகை நதியா பேர்ல வந்த நதியா கம்மல் வேணும்னு ரெண்டு நாள் சாப்பிடலையாம், இன்னைக்கும் வீட்டுல சொல்லிச் சிரிப்பாங்க. என் பீரோவுக்கு மேல பாருங்க, பெரிய ஜவுளிக்கடை பேரு போட்ட கட்டைப்பை ஏழு இருக்கு. கல்யாணத்துக்குச் சீர் கொண்டு போறப்ப எந்தக் கடைப் பை வெளிய தெரியணும்னு நானும் என் நாத்தனாரும் சண்டை போட்டிருக்கோம். உள்ள சேலை வேற கடை, பை வேற கடை. அடச்சீ, இதை எழுதறப்பதான் உறைக்குது, அதுவும் ஃபர்ஸ்ட் காப்பி வேலைதானோ? சரி, அதை விடுங்க. நான் பையை மாத்தினது என் காசுல. கம்பெனிக்குள்ள கைய வைக்கலையே.

"ஒத்தப் பையன், வாங்கித்தான் குடுத்தா என்ன"ங்கற சொந்தக்காரங்க வேற. 2025 ஆகஸ்ட்ல அமெரிக்காக்காரன் நம்ம நாட்டுச் சரக்குக்கு 50 சதவீத வரின்னு சொன்னதும் எங்க லைன்ல பாதி மெஷினுக்கு உறை போட்டு மூடினாங்க. ஒன்றரை ஷிப்ட் ஒரு ஷிப்டாச்சு, அப்புறம் வாரத்துல நாலு நாளாச்சு. அன்னைக்கு இந்தச் சொந்தக்காரங்க யாரும் போன் போட்டுக்கூடக் கேட்கலை. அந்த மாசமும் இவன் ஸ்னீக்கர் லிங்க் அனுப்பிட்டுத்தான் இருந்தான். அவனைச் சொல்லியும் குத்தமில்லை. வீட்டுல காசு இல்லைங்கறதை அவன்கிட்ட நாங்க சொல்லலை. பையன் மனசு நோகக் கூடாதுன்னு மூடி மூடி வெச்சோம். வீட்டுக்காரர் கடன் வாங்கி டியூஷன் ஃபீஸ் கட்டினதுகூட அவனுக்குத் தெரியாது. இதுல எனக்கே என் மேல ஆத்திரம் வருது.

லேபிள் விஷயத்துக்கு வர்றேன். அவன் நினைச்ச மாதிரி அது குப்பையில கெடக்கற பொருள் இல்லைங்க. எங்க இடத்துல துணியைவிட லேபிளுக்குத்தான் காவல் ஜாஸ்தி. பீஸ் எண்ணிக்கைக்கு ஸ்டோர்ல எண்ணித் தருவாங்க, மிச்சத்தை எண்ணித் திருப்பணும். கோணையா தைச்சுப் பிரிச்ச லேபிளைக்கூடக் கணக்குக் காட்டணும். சாயங்காலம் கேட்டுல பை, டிபன் டப்பா எல்லாம் திறந்து காட்டிட்டுத்தான் வெளிய வர முடியும். ஒரு லேபிள் கையில சிக்குச்சுன்னா வேலை போறது மட்டுமில்லை, வேற கம்பெனிலயும் சேர்க்க மாட்டாங்க. ரெண்டு விரல் அகலத் துண்டு அது. தைக்கறதுக்கு அஞ்சாறு நொடி. அந்தத் துண்டை வெச்சா 3,499, எடுத்தா 280. இதை அப்படியே அவன்கிட்ட சொன்னேன். சொல்றப்ப என் குரல் உடைஞ்சு போச்சு, கத்திட்டேன், பக்கத்து வீட்டு அக்கா எட்டிப் பார்த்தாங்க.

அவன் கொஞ்ச நேரம் பேசலை. அப்புறம், "கேட்டுல தினமும் உன் பையைத் திறந்து பார்ப்பாங்களாம்மா?"ன்னான். ஆமாடான்னேன். ஒண்ணும் சொல்லாமப் போய்ப் படுத்துட்டான். அது புரிஞ்சு கேட்டானா, இல்லை வேற வழி யோசிக்கறானான்னு எனக்கு இன்னும் தெரியலை.

அந்தச் சிவப்பு டி-ஷர்ட் என்னாச்சுன்னு சொல்லணுமே. ஞாயித்துக்கிழமை முதல் தண்ணி. சைடு தையல் சுத்திக்கிட்டு வயித்துக்கு நடுவுல வந்து நிக்குது. சாயம் மொத்தமும் கூட ஊறின என் வீட்டுக்காரர் வேட்டியில இறங்கிருச்சு. மூணு நாளா ப்ளீச்சிங் போட்டு, வெந்நீர் போட்டு, எலுமிச்சம்பழம் தேய்ச்சு எல்லாம் பார்த்துட்டேன், ரோஸ் கலர் போவனாங்குது. இன்னைக்குக் காலைல மனுஷன் அதையே கட்டிட்டு டீக்கடைக்குக் கிளம்பிட்டார். மேல, பையன் வேண்டாம்னு மடிச்சு வெச்ச அந்த 280 ரூபாய் டி-ஷர்ட். என்னங்க இது கோலம்னு கேட்டா, யாராச்சும் கேட்டா இதான் இப்ப ஃபேஷன்னு சொல்லிக்கறேங்கறார்.