இந்தத் தலையாட்டிக்கு நான் வருடா வருடம் காசு கட்டுகிறேன்

போன வியாழக்கிழமை பின்னேரம் நாலரை மணி. சம்பூரில் இருந்து வந்த அக்கா ஒருவர் என் கடைக் கதிரையில் இருக்கிறார். தகப்பனாரின் 31ஆம் நாள் ஞாயிற்றுக்கிழமை வருகிறது. கல்வெட்டு என்ற நினைவுப் புத்தகத்துக்கான தேவாரம், வாழ்க்கைக் குறிப்பு, பேரப்பிள்ளைகளின் புலம்பல் எல்லாவற்றையும் அடித்துக்கொண்டிருக்கிறேன். கனடாவில் இருக்கும் தம்பி மெயிலில் பார்த்துச் சரி சொன்னால்தான் அச்சுக்குப் போகும். பஸ்ஸுக்கு நேரமாகிறது என்று அவர் மணிக்கூட்டைப் பார்க்கிறார், நான் விசைப்பலகையைப் பார்க்கிறேன். அந்த நேரம் பார்த்துத் திரை முழுக்கச் சிவப்பு. ‘ஆபத்து! தீம்பொருள் அகற்றப்பட்டது.’ கூடவே தீயணைப்பு வண்டி மாதிரி ஒரு சத்தம்.

அக்கா எழும்பிவிட்டார். “தம்பி, உங்கட கொம்பியூட்டர்ல வைரஸ் போல. என்ர பென் டிரைவை முதல்ல கழட்டித் தாங்கோ. அதுக்குள்ள அப்பான்ட படமெல்லாம் கிடக்கு.”

வாசலில் போட்டோகொப்பிக்கு நின்ற இரண்டு பேரும் திரும்பிப் பார்த்தார்கள். திருகோணமலை டவுனில் ஒரு கொமினிகேஷன் கடைக்கு இதைவிட வேறு மானக்கேடு வேண்டுமா?

என் அன்டிவைரஸ் பிடித்தது எதை என்று கேளுங்கள். வைரஸை அல்ல. பிரவுசரில் தமிழ் அடிக்க நான் மூன்று வருடமாக வைத்திருக்கும் சின்ன எக்ஸ்டென்ஷனை. என்னைப் போன்ற பழைய ஆட்களின் கை பாமினி என்ற பழைய எழுத்துருவில் பழகியது. ஜே, கே, பி, ஓ, அரைப்புள்ளி என்று ஐந்து விசை தட்டினால் ‘தமிழ்’ வரும். பாமினி எழுத்துருவை எடுத்துவிட்டால் மிஞ்சுவது வெறும் ஆங்கில எழுத்துக் குப்பை. இந்த எக்ஸ்டென்ஷன் அதே விசைகளை வாங்கி, எந்தக் கணினியிலும் தமிழாகவே தெரியும் யூனிகோடாக மாற்றித் தருகிறது. மூல நிரல் திறந்தே கிடக்கிறது, யாரும் வாசிக்கலாம். நானே வாசித்தேன். எந்த சேர்வருக்கும் அது ஒரு எழுத்தைக்கூட அனுப்புவதில்லை.

சரி, ஏன் பிடித்தது? தமிழ் அடிக்க வேண்டுமென்றால் நாம் தட்டும் ஒவ்வொரு விசையையும் அது பார்த்தாக வேண்டும். பாஸ்வேர்ட் திருடும் கீலொக்கரும் அதைத்தான் செய்கிறது. ‘எல்லா இணையத்தளங்களிலும் உள்ள உங்கள் தரவைப் படிக்கவும் மாற்றவும்’ அனுமதி கேட்கிறது. திருடனும் கேட்கிறான். பாவிப்பவர்களும் கொஞ்சப் பேர், அதனால் ‘நம்பகத்தன்மை குறைவு’ என்று இன்னொரு புள்ளி. எல்லாவற்றையும் கூட்டிப் பார்த்துவிட்டு, ஜெனரிக் என்று முடியும் ஒரு பெயரை ஒட்டிவிட்டது. அந்தப் பெயருக்கு அர்த்தம், ‘இன்ன வைரஸ் என்று தெரியாது, ஆனால் அந்தச் சாயல் இருக்கிறது’ என்பதுதான்.

சாயல்! இந்த ஊரில் சாயலுக்காகப் பிடிபட்டவர்களின் கதை எங்களுக்குப் புதிதா? ஒரு காலத்தில் ஊரையே வரிசையில் நிற்க வைத்து, சாக்கால் முகம் மூடின, ஆளைக் காட்டிக்கொடுக்கும் தலையாட்டிக்கு முன்னால் ஒவ்வொருவராக நடக்க விட்டார்கள். தலை ஆடினால் பிடிபட்டான், அவ்வளவுதான். ஏன் ஆடியது என்று யாரிடம் கேட்பது? அந்தக் கொடுமையோடு இந்த மென்பொருளை ஒப்பிடுவது அதிகம்தான், ஒப்புக்கொள்கிறேன். ஆனால் அந்தச் சிவப்புப் பெட்டியைப் பார்த்ததும் எனக்கு வந்த எரிச்சல் அந்தப் பழைய எரிச்சல்தான்.

கூத்து இனித்தான். அன்டிவைரஸ் கோப்பை அழித்ததும் குரோம், ‘இந்த எக்ஸ்டென்ஷன் பழுதாகியிருக்கலாம்’ என்று சொல்லிச் சரிசெய்ய ஒரு பட்டன் காட்டியது. அமத்தினேன். திரும்ப இறங்கியது. திரும்பச் சிவப்பு. ‘இதைத் தொடாதே’ என்று அன்டிவைரஸுக்குச் சொல்லும் விலக்குப் பட்டியலில் சேர்ப்போம் என்று மறைந்திருக்கும் ஃபோல்டர்களுக்குள் போனால், எக்ஸ்டென்ஷனின் ஃபோல்டருக்குப் பெயரே இல்லை. 32 எழுத்தில் ஒரு உளறல்தான். எல்லாம் ஏயிலிருந்து பீ வரைக்குமான எழுத்துகள். அதற்குள்ளே பதிப்பு எண்ணில் இன்னொரு ஃபோல்டர். அவசரத்தில் உள்ளே இருந்ததைச் சேர்த்துவிட்டேன். அடுத்த பதிப்பு வேறு எண்ணில் இறங்கும், அதற்கு இந்த விலக்கு செல்லாது என்பது ராத்திரி படுத்தபிறகுதான் ஓடியது.

பிழையாகப் பிடித்ததை அறிவிக்கவும் ஒரு வழி வைத்திருக்கிறார்கள். கோப்பை ஜிப் செய்து, ‘இன்ஃபெக்டட்’ என்று பாஸ்வேர்ட் போட்டு அனுப்ப வேண்டும். இது அந்தத் துறையில் பழைய வழக்கமாம், வழியில் வேறு ஸ்கேனர் தின்னாமல் இருக்க. ‘இதில் தொற்று இல்லை’ என்று மன்றாடும் கடிதத்தை ‘தொற்றியது’ என்று பூட்டி அனுப்பினேன். தானியங்கிப் பதில் வந்தது. அதோடு சரி.

இந்தப் பிழைகள் இன்று நேற்று வந்தவையும் இல்லை. 2010 ஏப்ரல் 21இல் மக்காஃபி என்ற அன்டிவைரஸின் ஒரு அப்டேட், விண்டோஸ் எக்ஸ்பியின் முக்கியமான கோப்பு ஒன்றையே வைரஸ் என்று பிடித்து, உலகம் முழுக்கக் கணினிகளைத் திரும்பத் திரும்ப ரீஸ்டார்ட் ஆக வைத்தது. 2012இல் சோஃபோஸ் என்ற இன்னொரு அன்டிவைரஸ் தன்னுடைய அப்டேட் செய்யும் நிரலையே தீம்பொருள் என்றது. தன் கையைத் தானே கடித்த கதை. மக்காஃபிக்கு அது உலகச் செய்தி. என் கடையில் நடந்தால் அது ‘அந்தக் கடையில் வைரஸ், பென்னைக் குடுத்திடாதேங்கோ’ என்ற ஊர்ச் செய்தி.

எக்ஸ்டென்ஷன் எல்லாம் யோக்கியம் என்று நான் சொல்ல வரவில்லை. தி கிரேட் சஸ்பெண்டர் என்று நல்ல பெயரோடு இருந்த ஒன்று கை மாறிக் கெட்டுப்போய், 2021 பெப்ரவரியில் கூகுள் அதைத் தூக்கியது. பள்ளிக்கூடப் பிள்ளைகள் கொண்டுவரும் பென்களில் இருக்கும் ஷார்ட்கட் வைரஸை என் அன்டிவைரஸ் கிழமைக்கு நாலு தரமாவது அமத்துகிறது. அதனால்தான் இந்த நாசத்தைக் கழற்றி எறியவும் முடியவில்லை.

ஆனால் இதே மென்பொருள் தன்னுடைய எக்ஸ்டென்ஷனைப் போடச் சொல்லி எத்தனை தரம் கெஞ்சியிருக்கிறது தெரியுமா? அது கேட்கும் அனுமதி என்ன? எல்லா இணையத்தளங்களிலும் உள்ள தரவைப் படிக்கவும் மாற்றவும். அதேதான்! என் கடையில் இருப்பது அவாஸ்ட் என்ற அன்டிவைரஸ் இல்லை, ஆனாலும் சொல்கிறேன்: எக்ஸ்டென்ஷன் வழியாகவும் அன்டிவைரஸ் வழியாகவும் சேர்த்த பிரவுசிங் விவரங்களை விற்றதற்காக, 1 கோடி 65 இலட்சம் டொலர் கட்டும்படி அமெரிக்க வர்த்தக ஆணையம் 2024இல் சொன்னது அந்த நிறுவனத்துக்குத்தான். அவர்கள் கேட்டால் பாதுகாப்பு. தமிழ் அடிக்க நாங்கள் கேட்டால் களவு.

அக்காவின் வேலையை, நெற் இல்லாத பழைய லப்டொப்பில் பாமினியிலேயே அடித்து, படமாக எடுத்து வட்ஸ்அப்பில் அனுப்பினேன். ஒரு எழுத்துப்பிழைக்கு ஒரு படம், ராத்திரி பதினொன்று வரை. பென்னை அவர் கைப்பைக்குள் வைத்து இறுக்கிப் பிடித்துக்கொண்டுதான் பஸ்ஸுக்குப் போனார். கல்வெட்டை எடுக்க மகனை அனுப்பினார். “அம்மா கேக்கச் சொன்னவ, இப்ப வைரஸ் இல்லையா?” என்றான் அவன்.

நேற்று எக்ஸ்டென்ஷனின் புதிய பதிப்பு தானாகவே இறங்கியிருக்கிறது. சிவப்பு இன்னும் வரவில்லை. திங்கட்கிழமை ஒருவர் கல்யாணக் கார்ட் அடிக்க வருகிறார். ஸ்பீக்கர் வயரை மட்டும் இப்போதே கழற்றி வைத்துவிட்டேன்.