மடிநோய் திரும்பி வந்தால் டாக்டர் திருடியா?

நான் மாட்டு டாக்டர். பால் சொசைட்டி வாசலில் ஒரு மாட்டுக்காரர் என்னைத் திட்டும் அந்த வீடியோவை எல்லோரும் பார்த்துவிட்டீர்கள். எனக்கே பதினோரு பேர் அனுப்பிவிட்டு, "டாக்டரம்மா, இது உங்களைத்தானா?" என்று கேட்டார்கள். ஆமாம், என்னைத்தான். அதில் அவர் கேட்பது இதுதான்: "மூணு நாள் போட்டும் மடிநோய் திரும்ப வந்துடுச்சு, போட்டது மருந்தா தண்ணியா?"

மருந்துதான். மருந்து தோற்றிருக்கிறது. அதனால் அது போலி என்று ஆகிவிடாது.

காலையில் எழுந்ததும் பல்லை நாக்கால் தடவிப் பாருங்கள், வழவழவென்று ஒரு படலம் இருக்கும். கொப்பளித்தால் போகாது, தேய்க்க வேண்டும். அதுதான் பயோஃபிலிம். மடிக்குள் ஸ்டஃபிலோகாக்கஸ் ஆரியஸ் கிருமியும் இதையே செய்யும். ஒட்டிக்கொண்டு, தன்னைச் சுற்றிப் பிசின் சுரந்து, உள்ளே கூட்டமாகக் குடியேறிவிடும். அடியில் கிடப்பவை வளராமல் தூங்கும். பென்சிலின் வகை மருந்து வளர்கிற கிருமியைத்தான் கொல்லும். தூங்குவதை என்ன செய்யும்? இந்தப் படலத்துக்குள் இருக்கும் கிருமி, தனியாகத் திரியும் கிருமியைவிட 1000 மடங்கு வரைகூட மருந்தைத் தாங்கும்.

"பாலை லேபுக்கு அனுப்பியிருக்கலாமே?" அனுப்பினேன் சார். மருந்து கேட்கும் என்றுதான் ரிப்போர்ட் வந்தது. லேபில் சோதிப்பது தனித்துத் திரியும் கிருமியை. மடிக்குள் பிசினுக்கு அடியில் இருப்பதை லேபில் கிருமி வளர்க்கும் அந்தத் தட்டு காட்டாது.

"கற்றாழை, மஞ்சள், சுண்ணாம்பு அரைத்துப் பூசினால் போதுமே?" பூசுங்கள். நானே சொல்வதுதான். ஆனால் ஐந்து நாள் போடச் சொல்லி எழுதிக் கொடுத்த மருந்தை, வீக்கம் வடிந்ததும் மூன்றாம் நாளே நிறுத்தியது யார்? வீடியோவில் அது மட்டும் இல்லையே! சரி, ஐந்து நாளும் போட்டிருந்தாலும் திரும்பி வந்திருக்கலாம். இந்தக் கிருமி அப்படிப்பட்டது. இதையும் நானே சொல்லிவிடுகிறேன், நாளைக்கு வெட்டி ஒட்டிக்கொள்ளுங்கள்.

நான் ஏழாவது படிக்கும்போது எங்கள் செவலை மாட்டுக்கும் இதே நோய். பால் திரிதிரியாக வந்தது, ஒரு காம்பு கல்லாகிவிட்டது. அம்மா மிச்ச மூன்று காம்பிலேயே இரண்டு ஈத்து ஓட்டினாள். பிறகு சந்தையில் தரகர் துண்டுக்கடியில் விரல் பிடித்து விலை பேசும்போது, அம்மா மாட்டின் பக்கமே திரும்பவில்லை. வீடு வரும்வரை கயிற்றை மட்டும் கையில் சுருட்டிக்கொண்டு வந்தாள். வைத்தியம் பார்த்தவரை ஒரு வார்த்தை சொல்லவில்லை.

போன கார்த்திகையில், கொட்டுகிற மழையில், வீடியோவில் பேசியவர் வீட்டிலேயே, பசுவின் வயிற்றுக்குள் கன்று தலை மடங்கிக் கிடந்தது. இரவு இரண்டு மணிக்கு வந்து தோள்வரை கையை விட்டு எடுத்துப் போட்டேன். அப்போது யார் கையிலும் போன் இல்லை போலிருக்கிறது.

நாளைக் காலை ஆறு மணிக்கு அந்த வீட்டுக்குத்தான் வருகிறேன். அந்தக் கீறல் விழுந்த பிளாஸ்டிக் வாளியைத் தூக்கிப் போட்டுவிட்டு எவர்சில்வர் வாளி எடுத்து வையுங்கள். கீறலுக்குள்ளும் அதே பிசின்தான் படிந்திருக்கும்.