மோபி டிக்கில் கயிற்றைத் தாண்டிப் போகாதீர்கள்

மோபி டிக் நாவலை வாசிக்கப் போகிறவர்களுக்கு வழக்கமாகக் கிடைக்கும் யோசனை ஒன்று உண்டு. நடுவில் திமிங்கில வேட்டை பற்றிய பாடம் நிறைய வரும், அதைப் புரட்டிவிட்டுக் கதைக்குப் போங்கள் என்பார்கள். இதைவிடத் தவறான யோசனை இருக்க முடியாது. சுருக்கப் பதிப்புகளும் முதலில் கைவைப்பது அந்தப் பக்கங்களில்தான். வெட்டியபின் மிஞ்சுவது தன் காலைப் பறித்த திமிங்கிலத்தைத் துரத்தும் ஆகாப் என்ற ஒற்றைக்கால் கப்பல் தலைவனின் பழிவாங்கும் கதை மட்டுமே. ஹெர்மன் மெல்வில் எழுதியது அதைவிடப் பெரியது.

60ஆம் அத்தியாயம் முழுக்க ஒரு கயிற்றைப் பற்றியது. எறியீட்டியில் பூட்டிய கயிறு. கனம் ஓர் அங்குலத்தில் மூன்றில் இரண்டு பங்குதான். 51 இழைகள். எல்லாம் சேர்ந்து ஏறக்குறைய மூன்று டன் இழுப்பைத் தாங்கிவிடும். நீளம் 200 பாகத்துக்கு மேல் (ஒரு பாகம் ஆறடி). படகின் பின்புறத் தொட்டியில் இதைச் சுருட்டி வைக்கவே சிலர் ஒரு காலைப்பொழுதைச் செலவிடுவார்களாம். ஒரே ஒரு சிக்கு விழுந்தாலும் கயிறு பாயும்போது எவனாவது ஒருவனின் கையோ காலோ போய்விடும். தொட்டியிலிருந்து கிளம்பி, பின்முனைக் கட்டையைச் சுற்றி, ஒவ்வொரு துடுப்பின் மேலும் கிடந்து, ஆட்களுக்கு நடுவே புகுந்து அது படகின் முன்முனையான அணியத்துக்குப் போகிறது. துடுப்புப் போடுகிற அத்தனை பேரும் அந்த வளைவுகளுக்குள்தான் உட்கார்ந்திருக்கிறார்கள். அடிமுனையைப் படகோடு கட்டுவதில்லை. திமிங்கிலம் ஆழத்துக்குப் பாய்ந்தால் பக்கத்துப் படகின் கயிற்றை அதில் இணைக்க வேண்டியிருக்கும். கட்டி வைத்திருந்தாலோ படகும் சேர்ந்து கடலடிக்குப் போகும்.

இதைப் படித்தவருக்குத்தான் 135ஆம் அத்தியாயம் முழுதாகப் புரியும். ஆகாபைத் திமிங்கிலம் கடித்துக் கொல்வதில்லை. ஓடும் கயிறு சிக்கிக்கொள்கிறது, குனிந்து விடுவிக்கிறான், சுற்று ஒன்று கழுத்தில் விழுகிறது, படகிலிருப்பவர்கள் உணரும் முன்பே ஆள் இல்லை. மரணத்துக்கு ஒரு வாக்கியம் போதுமானதாக இருப்பது, 75 அத்தியாயங்களுக்கு முன்பே அதன் பொறிமுறையை முழுக்கச் சொல்லி வைத்ததால்தான்.

இடையிலும் கயிறு விடுவதில்லை. 72இல், கப்பலோரம் கட்டிய திமிங்கிலத்தின் வழுக்கும் முதுகில் ஈட்டி எறியும் குயீக்வெக் நிற்கிறான். சுற்றிலும் சுறாக்கள். அவன் இடுப்புக்கும் மேல்தளத்தில் நிற்கும் அவன் நண்பன், கதைசொல்லி இஸ்மாயிலின் இடுப்புக்கும் ஒரே கயிறு. அவன் மூழ்கினால் இவனும் போக வேண்டும், அறுத்துவிடக் கூடாது. 93இல் அதே நட்புக்கு நேர்எதிர். பிப் என்ற கறுப்பினச் சிறுவன் பயந்து படகிலிருந்து குதிக்க, கயிறு அவன் மார்பையும் கழுத்தையும் சுற்றிக்கொள்கிறது. அறுத்துக் காப்பாற்றுகிறார்கள், திமிங்கிலம் தப்பிவிடுகிறது. அலபாமாவில் உனக்குக் கிடைக்கும் விலையைப்போல் முப்பது மடங்கு ஒரு திமிங்கிலத்துக்குக் கிடைக்கும் என்கிறான் படகை நடத்தும் ஸ்டப். மறுமுறை குதித்தபோது நடுக்கடலில் விட்டுப் போகிறார்கள். உடல் பிழைக்கிறது, புத்தி பிழைக்கவில்லை. அடிமைமுறை பற்றி அந்தக் காலத்தில் எழுதப்பட்ட மிகக் கூர்மையான பக்கங்களில் இவை சேரும் என்பது என் உறுதியான கருத்து. புரட்டிவிட்டுப் போகிறவர் இழப்பது இதைத்தான்.

மெல்விலுக்கு இந்த வேலை கைப்பழக்கத்தில் வந்தது. அவருக்கு 12 வயதானபோது தந்தை கடன் சுமையோடு இறந்தார், குடும்பம் நொடித்தது. 1841 ஜனவரியில், 21 வயதில், அக்குஷ்னெட் என்ற வேட்டைக் கப்பலில் ஏறினார். 1842 ஜூலையில் மார்க்கெசஸ் தீவுகளில் தப்பி ஓடினார். திமிங்கிலங்களைப் பற்றி எழுதிய தாமஸ் பீல் போன்றோரின் நூல்களிலிருந்தும் ஏராளமாக எடுத்துக்கொண்டார், அதை மறைக்கவும் இல்லை.

இந்த நாவலில் ஒரு பகுதி விடுபட்டால் என்ன ஆகும் என்பது 1851 அக்டோபரிலேயே தெரிந்துவிட்டது. லண்டன் பதிப்பில் பின்னுரை இல்லை. இஸ்மாயில் உயிர் பிழைப்பது அதில்தான் வருகிறது. எல்லோரும் செத்தபின் கதையை யார் சொல்கிறார்கள் என்று விமர்சகர்கள் கேலி செய்தார்கள். அமெரிக்காவில் அவர் ஆயுளுக்குள் விற்றவை சுமார் 3,000 பிரதிகள். 1866 முதல் 19 ஆண்டுகள் நியூயார்க் சுங்கத்துறையில் ஆய்வாளராக வேலை பார்த்துக் காலம் தள்ளினார். 1891இல் இறந்தார். உலகம் அவரைத் திரும்பிப் பார்த்தது 1920களில்.

தடிமனைப் பார்த்துத் தயங்குகிறவர்கள் 60, 72, 89, 93 ஆகிய நான்கையும் முதலில் வாசியுங்கள். எல்லாமே சின்ன அத்தியாயங்கள். 89இல் கயிறு சட்டமாகிவிடுகிறது: கயிறு பிணைத்த மீன் (திமிங்கிலத்தைத்தான் மீன் என்கிறார்கள்) பிணைத்தவனுக்கு, பிணைக்காதது முந்திப் பிடிப்பவனுக்கு. இந்த ஒரு விதியைக் கையில் வைத்துக்கொண்டு, 1492இல் அமெரிக்கா எந்த வகை மீன், இங்கிலாந்துக்கு இந்தியா எந்த வகை என்று கேட்டுக்கொண்டே போகிறார் மெல்வில்.